வோஷிங் மெசின் பெட்டியில் செய்த பேய்

அக்டோபர் பிறந்தால் எங்கள் சூப்பர்மார்க்கெட்டில் தக்காளிக்குப் பக்கத்தில் வெட்டின கை விற்கத் தொடங்கிவிடுவார்கள். மணிக்கட்டோடு துண்டாக்கி, சிவப்புச் சாயம் பூசி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி அடுக்கியிருப்பார்கள். வெள்ளைக்காரத் தாய்மார் அதை எடுத்து அமத்திப் பார்த்து, 'சோ க்யூட்' என்று தள்ளுவண்டிலுக்குள் போடுவார்கள். லண்டனில் இந்த ரெய்னர்ஸ் லேனுக்கு வந்து ஆறு வருடமாகிறது. இந்த ஹலோவீன் கூத்து எனக்கு இன்னும் பழகவில்லை, பழக விருப்பமும் இல்லை. செத்தவர்களைத் தெருவில் கண்டிராத சனத்துக்குத்தான் எலும்புக்கூடு விளையாட்டுச் சாமான் என்று நினைத்துக்கொண்டு நான் தக்காளியைப் பொறுக்குவேன்.

வெள்ளைக்காரரையாவது விடலாம். அவர்களுடைய ஊர், அவர்களுடைய பேய். எங்கடை சனத்தை என்ன சொல்ல? கந்தசட்டிக்கு ஆறு நாள் ஒருநேரச் சாப்பாட்டோடு விரதம் பிடிக்கிற வீட்டு வாசலிலேயே பஞ்சில் செய்த சிலந்தி வலை தொங்கும். எல்லாருக்கும் மேலால் எங்களுக்கு மூன்று வீடு தள்ளியிருக்கிற ஸ்டீவ். மனிதனின் பெயர் சிவகுமார், ஊர் சாவகச்சேரிப் பக்கம் என்று அவருடைய மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதல் வருடம் வழியில் கண்டு தீபாவளி வாழ்த்துச் சொன்னேன். 'யூ டூ' என்றுவிட்டுப் போனார். முருங்கைக்காய் வாங்கினாலும் ஆங்கிலம்தான். ஹலோவீன் வந்தால் மட்டும் வீட்டு முற்றம் முழுக்கக் கல்லறை, புகை கக்குகிற மெசின், கழுத்தில் கறுப்புப் போர்வை. வெட்கம் கெட்ட மனிதன் என்று என் கணவரிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பேன். 'அவர் பாட்டுக்கு இருக்கட்டுமே' என்பார் கணவர். அவருக்கு எல்லாம் 'இருக்கட்டுமே'தான்.

இந்த வருடம் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு துண்டு வந்தது. கடையில் வாங்காமல் வீட்டில் கிடக்கிற சாமானில் வேடம் செய்ய வேண்டுமாம், பூமிக்கு நல்லதாம். பூமிக்கு நல்லது, எனக்கல்லோ வேலை! நான் ட்ரை கிளீனிங் கடையில் காற்சட்டைக்கு உயரம் குறைத்து, சிப் மாற்றிக் கொடுக்கிறவள். வீட்டுக்கு வந்தும் பேய்க்குச் சட்டை தைக்க வேண்டுமா? பழைய படுக்கை விரிப்பில் இரண்டு ஓட்டை போட்டுத் தாறன், போத்துக்கொண்டு போங்கோ என்றேன். பதினொரு வயது மூத்தவள் ஆரணி ஒத்துக்கொள்ளவில்லை. உண்மையிலேயே ஆள் பயப்படுகிற வேடமாக இருக்க வேண்டும் என்றாள். அம்மாவுக்கு என்னத்துக்குப் பயம் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். எனக்கு ஒன்றுக்கும் பயமில்லை என்றேன். பிள்ளைகளுக்கு நான் எப்போதும் சொல்லி வளர்த்தது அதுதான்.

"பொய்," என்று தமிழில் சொன்னாள். "உங்களுக்கு பிரௌன் என்வலப்புக்குப் பயம்."

என் கையில் இருந்த கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டேன்.

இங்கே வர முதல், விசாவுக்குக் காத்திருந்த காலத்தில் நாங்கள் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருந்தோம். மூன்று குடும்பத்துக்கு ஒரு கதவு, ஒரு கடித ஓட்டை. எங்களை இருக்க விடுவதா திருப்பி அனுப்புவதா என்று முடிவெடுக்கிற குரோய்டன் குடிவரவுக் கந்தோரின் கடிதம் மண்ணிற உறையில் வரும். ஓட்டையின் மூடி 'டக்' என்று அடிக்கிற சத்தம் கேட்டால் நான் படியில் பாதியில் நின்றுவிடுவேன். கடிதம் எங்கள் பெயருக்கென்றால் பிரிக்கமாட்டேன். பிள்ளையார் படத்துக்குக் கீழே குப்புற வைத்துவிட்டு, கணவர் ஷிப்ட் முடிந்து வரும்வரை அதைப் பார்க்காமல் அறைக்குள் நடப்பேன். ஒருநாள் பருப்பு அடிப்பிடித்து, சட்டி கறுத்து, அறை முழுக்கப் புகை. ஆரணிக்கு அப்போது நாலு வயது. சின்னப்பிள்ளைக்கு என்ன விளங்கும் என்று நினைத்திருந்தேன். ஊரில் எனக்கு எல்லாம் மறுவளமாக இருந்தது. கதவைத் தட்டினால் ஆமியோ என்று வீடே மூச்சை அடக்கும், தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் நான்தான் முதலில் படலைக்கு ஓடுவேன். இங்கே கதவைத் தட்டுவது பிள்ளைகளின் விளையாட்டு.

வேண்டாம், வேறு ஏதாவது செய்வம் என்று கெஞ்சிப் பார்த்தேன். அவள் அதற்குள் புது வோஷிங் மெசின் வந்த பெட்டியை இழுத்து வந்துவிட்டாள். மட்டையே மண்ணிறம், உறைக்கென்று நிறம் பூசவும் தேவையில்லை. கடைசியில் வெட்டிக் கொடுத்தது நான்தான், கோணலாக வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஏலாது. கை வைக்க இரண்டு துவாரம். முன்னால் ஒரு சதுரம் வெட்டி, சாப்பாடு மூடுகிற கண்ணாடித் தாள் ஒட்டினோம். அதற்குப் பின்னால் என் பெயர், எங்கள் பழைய விலாசம். மேலே எங்கள் வழக்கு நம்பர், ஒரு எழுத்தும் ஏழு இலக்கமும். நம்பர் இல்லாமல் அந்தக் கடிதம் வராது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆறு வயதுச் சின்னவள் மீனு, விசா கிடைத்த பிறகு பிறந்தவள். தான் தபால்காரி என்றாள். குளிரிலும் அரைக் காற்சட்டையோடு திரிகிற இந்த ஊர்த் தபால்காரரைப் போல முழங்கால் தெரியத்தான் வருவேன் என்று அடம்பிடித்தாள். உள்ளே ஒரு நீளக் காலுறையை மாட்டிவிட்டேன்.

ஆறு மணிக்கு, கணவர் வேலையில் நிற்க, இரண்டையும் கூட்டிக்கொண்டு இறங்கினேன். முதல் வீட்டுக் கிழவி ஆரணியைப் பார்த்து, 'ஓ, பார்சலா, எவ்வளவு அழகு!' என்றாள். அடுத்த வீட்டு மனிதன், நீ சாண்ட்விச்சா என்று கேட்டான். பெரிய கடிதம் என்று பிள்ளை விளங்கப்படுத்தினாள். 'லவ்லி, கிறிஸ்மஸ் தாத்தாவுக்கா?' என்றான். பிள்ளையின் முகம் சுருங்கியது. எனக்கு அவன்மேல் எரிச்சலும் பொறாமையும் சேர்ந்து வந்தன. ஒரு கடிதத்தைப் பார்த்துச் சிரிக்கக் கொடுத்துவைத்தவன்.

ஸ்டீவின் வீட்டைத் தாண்டிப்போகத்தான் பார்த்தேன். மீனு புகைக்குள் புகுந்து மணியை அடித்துவிட்டாள். கறுப்புப் போர்வையும் கோரைப்பல்லுமாக, கையில் இனிப்பு வாளியோடு அந்த ஆள் கதவைத் திறந்து ஒரு உறுமல் உறுமினார். ஆரணி வெளிச்சத்துக்கு வந்தாள். உறுமல் நின்றுவிட்டது. கண்ணாடித் தாளைப் பார்த்தார், மேலே இருந்த நம்பரைப் பார்த்தார். ஒரு அடி பின்னால் வைத்தார். பிறகு பிளாஸ்டிக் பல்லைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஆருக்கு வந்தது அக்கா?"

"எங்களுக்குத்தான். ஏழு வருசம் காத்துக்கிடந்தம்," என்றேன்.

"எனக்குப் பதினொண்டு. என்ரை நம்பர் இப்பவும் பாடம்."

சொன்னார். நானும் என்னுடையதைச் சொன்னேன், ஒரு இலக்கம் தவறவில்லை. ஆறு வருடமாக ஒரே தெருவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன இரண்டு பேர் வாசலில் நின்று நம்பர் ஒப்புவித்தோம். உள்ளை வாங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ என்றார். தமிழ் கொஞ்சம் தட்டித் தடுமாறித்தான் வந்தது. பிள்ளைகளின் பையில் வாளியை அப்படியே கவிழ்த்துவிட்டார். அவரைப் பற்றி நான் சேர்த்து வைத்திருந்த நக்கல் ஒன்றும் அந்த நேரம் வாயில் வரவில்லை. இன்னொரு நாள் வாறன் என்று மட்டும் சொன்னேன். அந்தப் புகை மெசின் எனக்கு இப்போதும் பிடிக்காது, அது வேறு கதை.

வீட்டுக்கு வந்ததும் ஆரணி பெட்டியைக் கழற்றி வாசல் கதவோடு சாத்தி வைத்தாள். அவளுடைய வேடத்துக்கு ஒரு ஆள் பயந்துவிட்டார் என்று அவளுக்குச் சந்தோசம். எனக்கோ, பிள்ளை இந்தக் கடிதப் பயத்தை எங்கே படித்தாள் என்பதே மண்டைக்குள் ஓடியது.

அடுத்த நாள் சனிக்கிழமை. பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டு மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். கதவின் மூடி 'டக்' என்றது. அட்டைப் பெட்டிக்கு மேலே ஏதோ விழுந்தது. இந்த நாட்டுப் பாஸ்போர்ட் மேலே அலுமாரிக்குள் கிடக்கிறது, நாலு பேருக்கும். ஆனாலும் என் கால் படியில் நின்றுவிட்டது. பின்னால் வந்த காலடியும் நின்றது. திரும்பிப் பார்த்தேன். எனக்கு ஒரு படி மேலே ஆரணி, கைபிடியை இறுக்கிப் பிடித்தபடி.

மீனு எங்கள் இரண்டு பேரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு, "தபால்! தபால்!" என்று கத்தியபடி கதவுக்கு ஓடினாள்.