மாஸ்டர் விட்டுப்போன வீடு

மொரிஷியசில், போ பசான் என்ற ஊரில், எங்கள் தெருவில் மொத்தம் பதினான்கு வீடுகள். பதின்மூன்றாவது எங்களுடையது. கடைசி வீட்டில் மாஸ்டரும் அவர் மனைவியும் இருந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் மார்பளவு உயரத்துக்கு ஒரு கல் மதில். எதையும் எண்ணிப் பார்ப்பது என் வழக்கம். பஸ்ஸில் ஏறினால் ஆட்களை எண்ணுவேன், கோயிலுக்குப் போனால் விளக்குகளை. என் மனைவி இதை வியாதி என்பாள். அந்த வியாதிக்கு ஒரு வேலை வந்து சேர்ந்த கதைதான் இது.

தமிழ் ஆசிரியராக நான் மொரிஷியசுக்கு வந்த பிறகு, தீவெங்கும் பின்னலாடை ஆலைகள் முளைக்கத் தொடங்கின. கரும்புத் தோட்டக்காரர்களின் பெண்கள் விடியற்காலையில் ஆலை வண்டி ஏறிப் போனார்கள். அப்படி ஓர் ஆலைக்கு நூலுக்குச் சாயம் ஏற்றும் டையிங் மாஸ்டராக வந்தவர் அவர். முன்பு கோயம்புத்தூர் மில்லில் இருந்தவர். மில் மூடிய பிறகு அங்கே அவருக்கு வேலை இல்லை. இருவரும் பார்சிகள். பார்சி என்றால் பம்பாய் என்று நினைத்திருந்த எனக்கு, முதல் நாளே மதிலுக்கு அப்பாலிருந்து, “சார், உங்க ஊட்டாண்ட கருவேப்பில கீதா?” என்று ஒரு குரல் கேட்டபோது தூக்கிவாரிப் போட்டது. அந்த அம்மா சென்னை ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவர். வேண்டுமென்றுதான் அப்படிக் கேட்டார் என்று பிறகு தெரிந்தது. வாசலில் தினமும் அடியில் துளையிட்ட தகரப் பெட்டியால் சுண்ணாம்புப் பொடியில் மீன் அச்சு வைப்பார். தெருவில் எல்லோரும் அதைக் கோலம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. தம்பி கல்யாணத்துக்குச் சென்னை போய்விட்டுத் திரும்பி வந்த வாரம், அந்த அம்மா எங்கள் சமையலறையில் வந்து உட்கார்ந்தார்.

“அக்கா, நான் ஊருக்கே போயிடணும். ஒரேயடியா.”

“ஏம்மா, மாஸ்டர் கை நீட்டறாரா?” என்றாள் என் மனைவி.

“அவரா? கொசுவைக்கூட ஊதித்தான் விடுவாரு. நாங்க சண்டையே போடறதில்ல அக்கா. பேசினாத்தானே சண்டை? இங்க எங்க சாமிக்கு ஒரு நெருப்பு இல்ல. எங்க ஆளுங்க இல்ல. அவருக்கு ஆலை இருக்குது. எனக்கு இந்த மதில்தான் இருக்குது.”

என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்து, சென்னையில் ஒரு வக்கீல் சொன்னதையெல்லாம் சொன்னார். பார்சிகளின் கல்யாணத்துக்கும் விவாகரத்துக்கும் இந்தியாவில் தனிச் சட்டம். இப்போது அதை மாற்றிவிட்டார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தே போய்ப் பிரித்துவிடும்படி கேட்கலாம். அன்று அந்த வழி இல்லை. யாராவது ஒருவர் குற்றவாளியாக வேண்டும். அவர்கள் சமூகத்தைச் சேர்ந்த ஏழு பேர் நீதிபதியோடு உட்கார்ந்து, யார் மேல் தவறு என்று முடிவு சொல்வார்கள்.

“ராயபுரத்துல நாங்க எத்தன பேரு சார்? கல்யாணத்துல என் தலைமேல அரிசி போட்டவங்களேதான் வந்து உக்காருவாங்க.”

அந்த அம்மா தானாகக் கிளம்பிப் போனால், புருஷனை விட்டு ஓடி வந்தவள் என்ற பெயர். ஜீவனாம்சம் கிடைக்காது. காலம் முழுக்கத் தம்பி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கையேந்தி உட்கார வேண்டும். மாஸ்டர் அவரைக் கைவிட்டுப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தால், குற்றம் மாஸ்டருடையது. அம்மாவுக்கு விடுதலையும் ஜீவனாம்சமும் பெயரும் மிஞ்சும். ஆகவே, ஊருக்குப் போகத் துடித்தவர் மூன்று வருடம் இந்த வீட்டிலேயே இருக்க வேண்டும். இந்த வீட்டிலேயே இருந்துவிட நினைத்தவர் வெளியேற வேண்டும்.

மாலையில் மாஸ்டரும் வந்தார். “பழி எம்மேலயே இருக்கட்டுங்க. இங்க என்னை யாருங்க கேக்கப் போறாங்க?” என்றார். தீவின் தென்கோடியில் செமின் கிரனியே என்ற ஊரில் ஆலையின் புதுக் கிளை ஒன்று திறக்க இருந்தது. அதற்குத் தன்னை அனுப்பும்படி கேட்டு வாங்கியிருந்தார். ஆனால் வேலைக்காக வேறு ஊரில் இருப்பது கைவிட்டதாக ஆகாது. இனி உன்னோடு வாழ மாட்டேன் என்று அவர் சொல்ல வேண்டும். அந்த அம்மா போக வேண்டாம் என்று தடுக்க வேண்டும். அதைக் கேட்ட ஒரு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி நான்.

எனக்கு அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை. சத்தியம் செய்து சொல்ல வேண்டிவந்தால்? இருவரும் பேசி வைத்துச் செய்தது என்று தெரிந்தால்?

“பஸ்ஸில எத்தன பேருன்னு எண்றீங்க. அதுக்கு இதையாவது எண்ணித் தொலைங்க” என்றாள் என் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாஸ்டர் கழுத்துப்பட்டையெல்லாம் கட்டிக்கொண்டு, பெட்டியோடு வாசல் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். நானும் என் மனைவியும் எங்கள் பக்கத்து மதிலருகே நின்றோம். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “நான் போறேன். இனிமேல் உங்கூட இருக்க மாட்டேனுங்க” என்றார்.

என் மனைவிக்கு அந்த ‘ங்க’வைக் கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“போகாதீங்க” என்றார் அந்த அம்மா, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல.

அவர் நடந்தார். தெரு முனைக்குப் போவதற்குள் தூறல் பிடித்துக்கொண்டது. திரும்பி ஓடி வந்து, கேட்டைத் திறந்து ஒரு காலை உள்ளே வைக்கப் போனார்.

“உள்ள வராதீங்க! கணக்குப் போயிடும்!”

“குடைங்க...”

அந்த அம்மா உள்ளே ஓடிக் குடையை எடுத்து வந்து மதிலுக்கு மேல் என்னிடம் கொடுத்தார். நான் தெருப்பக்கம் போய் அவரிடம் நீட்டினேன். நான்கு பேரும் சிரித்தோம். அவர்கள் இருவரும் ஒரே சமயத்தில் சிரித்து அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை.

மூன்று வருடமும் ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை, எழுதுவதில்லை என்று முடிவு செய்தவர் மாஸ்டர்தான். வக்கீல் சொன்னது சேர்ந்து வாழக் கூடாது என்பது மட்டுமே. மாஸ்டருக்கு அது போதவில்லை. “தொட்டியில ஒரு சொட்டு கூடினாலும் சாயம் வேற ஆயிடுமுங்க. சந்தேகத்துக்கே எடம் வேண்டாமுங்க” என்றார். அந்த அம்மாவும் சரி என்றார். நானும் தலையாட்டினேன். வீட்டுச் செலவுக்கான பணம் மட்டும் ஆலை அலுவலகம் வழியாக வந்துகொண்டிருந்தது.

முதல் வருடம் தினமும் காலையில் மதிலுக்கு மேல் அந்த அம்மாவின் தலை தெரியும். “சார், இன்னிக்கு எவ்ளோ?” மீதி நாளைச் சொல்வேன். “அவ்ளோவா!” என்று உள்ளே போய்விடுவார். இரண்டாம் வருடத்தில் வாரத்துக்கு ஒரு முறைதான் கேட்டார். அதற்குள் கடைத்தெருவில் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் பேரம் பேசப் பழகியிருந்தார். பழகாத என் மனைவிக்கும் அவர்தான் காய்கறி வாங்கித் தருவார். பிறகு கேள்வி மாறியது. “செமின் கிரனியேல மழையா சார்?”

எனக்குச் சனிக்கிழமைகளில் செமின் கிரனியே கோயிலில் தமிழ் வகுப்பு இருந்தது. மூன்று பஸ் மாறிப் போக வேண்டும். வகுப்பு முடிந்ததும் மாஸ்டரைப் பார்ப்பேன். தீவிலேயே பிறந்த ஒரு தமிழ் அம்மாவின் வீட்டில் ஓர் அறை எடுத்திருந்தார். என்னைக் கண்டதும், “வீட்டுல கூரை ஒழுகறது நின்னுச்சுங்களா?” என்று கேட்பார். ஒரே வீட்டில் இருந்தபோது அந்தக் கூரையைப் பற்றி அவர் கேட்டதே இல்லை என்று பிறகு அவர் மனைவி சொன்னார்.

ஒரு முறை அந்த அம்மா எலுமிச்சை ஊறுகாய் போட்டார். அதை அனுப்பலாமா கூடாதா என்று பெரிய விவாதம் நடந்தது. கடைசியில் அவர் என் மனைவிக்குக் கொடுத்தார், என் மனைவி எனக்குக் கொடுத்தாள், நான் எங்கள் வீட்டு ஊறுகாய் என்று சொல்லி மாஸ்டரிடம் கொடுத்தேன். ஒரு துண்டை வாயில் போட்டார்.

“இது உங்க வீட்டு ஊறுகாய் இல்லீங்களே” என்றார். பிறகு சட்டென்று, “இல்லீங்க, உங்க வீட்டு ஊறுகாய்தானுங்க” என்று திருத்திக்கொண்டார்.

அந்தக் கோடையில் ஒரு புயல் வந்துபோனது. மறுநாள் பஸ் ஓடவில்லை. சாலையெங்கும் மரங்கள் சாய்ந்து கிடந்தன. சாயங்காலம் நான் எங்கள் கூரைத் தகடுகளை எண்ணிக்கொண்டிருந்தபோது, தெருவின் மறு கோடியில் மாஸ்டர் நிற்பதைப் பார்த்தேன். பாதி வழி லாரியிலும் பாதி வழி நடந்தும் வந்திருக்கிறார். காற்சட்டை முழங்கால்வரை சேறு. நான் ஓடினேன்.

“கூரை?” என்றார்.

“இருக்கிறது.”

“ஆளு?”

“நன்றாக இருக்கிறார்கள்.”

“சரிங்க” என்று திரும்பிவிட்டார். எங்கள் வீட்டில் ஒரு வாய் காப்பி குடிக்கக்கூட வரவில்லை. மதிலுக்கு அப்பால் தெரிந்துவிடுமே என்றார்.

அவர் போன பிறகு அந்த அம்மாவிடம் சொன்னேன். “எந்தப் பக்கம் நின்னாரு?” என்று கேட்டார். காட்டினேன். அந்த இடம்வரை நடந்துபோய், தரையைப் பார்த்துவிட்டு வந்தார்.

மூன்றாம் வருடமும் முடிகிற சமயம். செமின் கிரனியே வீட்டுக்கார அம்மா என் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தார். தமிழையும் கிரியோலையும் கலந்து பேசுவது அவர் வழக்கம். “மாஸ்தே மலாட், சார். ஆஸ்பத்திரி. ஒண்ணும் மாஞ்ஜே இல்லே, சாப்பாடு இல்லே.”

மருத்துவமனையில் பார்த்தபோது மாஸ்டர் பாதியாக இருந்தார். நிமோனியா என்றார்கள். மூச்சு விடுவது வெளியே கேட்டது.

“எத்தன நாளுங்க பாக்கி?” என்றுதான் கேட்டார்.

“நாற்பத்தாறு.”

“அவங்ககிட்டச் சொல்லாதீங்க. சொன்னா வந்துருவாங்க.”

சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. அந்த அம்மா உடனே சேலை மாற்றிக்கொண்டு, கைப்பையோடு கேட்டருகே வந்தார். கொண்டியில் கை வைத்தவர் அப்படியே நின்றார்.

“சார், போனா கணக்குப் போயிடுமா?”

“எனக்குத் தெரியவில்லையம்மா.”

“கணக்கு கெடக்குது, நீ போம்மா!” என்றாள் என் மனைவி.

“எனக்காக இல்ல அக்கா. மூணு வருஷம் அங்க ஒத்தையாக் கெடந்தாரே, அது வீணாப் போயிடுமே.” பிறகு என்னிடம், “நாளைக்குப் போய்க் கேட்டுட்டு வாங்க சார். வரட்டுமான்னு. அவர் சரின்னா வரேன்” என்றார்.

மறுநாள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுப் போய்க் கேட்டேன். மாஸ்டர் ரொம்ப நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். முகத்தில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. “நாப்பத்தஞ்சுதானுங்களே. பொறுத்துக்கச் சொல்லுங்க. அப்புறம் வரட்டுங்க” என்றார். அதைக் கொண்டுவந்து ஒரு சொல் மாறாமல் சொன்னேன். அந்த அம்மா கைப்பையைக் கொண்டுபோய் உள்ளே வைத்தார்.

அடுத்த நாளுக்கு மறுநாள் மாஸ்டர் போய்விட்டார்.

அவர்கள் வழக்கப்படி எரிக்கக் கூடாது, நெருப்பு அசுத்தமாகும். செமின் கிரனியேயின் பொதுக் கல்லறைத் தோட்டத்தில் ஓர் ஓரத்தில் புதைத்தோம். ஓதுவதற்கு அவர்கள் குருமார் யாரும் கிடைக்கவில்லை. அந்த அம்மாவே தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு, தெரிந்த மந்திரங்களைச் சொன்னார். ஓரிடத்தில் மறந்துபோய், முதலிலிருந்து மறுபடி தொடங்கினார்.

நாள் எண்ணுவதை நான் நிறுத்தவில்லை. நிறுத்த எனக்குத் தெரியாது. கடைசி நாள் காலையில், பல மாதங்களுக்குப் பிறகு, மதிலுக்கு மேல் தலை தெரிந்தது.

“இன்னிக்குத்தானே சார்?”

“ஆமாம்.”

கேட்டைத் திறந்துகொண்டு போனார். மூன்று பஸ் மாறிப் போய், இருட்டுவதற்குள் திரும்பி வந்தார். எங்கே போனீர்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

பிறகு சென்னைக்குப் போனார். சில மாதம் கழித்து வீட்டைக் காலி செய்ய ஒரே ஒரு முறை வந்தபோது, அதே சமையலறையில் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். மாஸ்டரின் சேமிப்பும் ஆலை கொடுத்த பணமும் மனைவி என்ற முறையில் அவருக்கே வந்திருந்தன. ராயபுரத்தில் தனியாக ஒரு வீடு பார்த்துவிட்டார்.

“எல்லாரும் எழுந்து நின்னு உக்கார வைக்கிறாங்க அக்கா. நல்ல பேருதான். அந்த வக்கீலையும் பாத்தேன். நடந்ததைச் சொன்னேன். ‘நோயாளியப் பாக்கப் போறதை சேர்ந்து வாழ்ந்ததா எந்தக் கோர்ட்டும்மா எடுத்துக்கும்? கூடவே இருந்து கஞ்சி காச்சிக் குடுத்திருக்கலாமே’ன்னாரு. நீங்க ஏன் என்கிட்ட எழுதிக் கேக்கலன்னாரு.”

என் மனைவி அடுப்பை அணைத்தாள்.

“சார், கேஸ் நடந்திருந்தா சாட்சிக்கு வந்து என்ன சொல்லியிருப்பீங்க?”

“உள்ளதைத்தான். மூன்று வருடத்தில் ஒரு முறைகூட அவர் இந்த வீட்டுக்குள் கால் வைக்கவில்லை என்று.”

“அப்போ கைவிட்டுட்டாருன்னு சொல்லியிருப்பீங்களா?”

மேசைமேல் இருந்த டம்ளர்களைப் பார்த்தேன். மூன்று.

“இவரைக் கேக்காதே” என்றாள் என் மனைவி. “இவருக்கு எண்ணத்தான் தெரியும்.”

அந்த அம்மா லேசாகச் சிரித்தார். மறுநாள் விமானம். போகும்போது மாஸ்டரின் குடையை எடுத்துக்கொண்டார். நல்ல வெயில்தான். ஆனாலும் கேட்டுக்கு வெளியே போய்க் குடையை விரித்துக்கொண்டுதான் தெரு முனைவரை நடந்தார்.