எனக்கு முன்னால் வந்தவள்

முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் தூக்கம். சரியாகச் சொன்னால், பகலில் தூங்குகிறவரோடு ஒரே வீட்டில் விழித்திருக்கிறவர்கள். சமூகவியல் துறையில் அதற்கு நீளமான ஆங்கிலத் தலைப்பு ஒன்று வைத்திருந்தோம். அது அம்மாவின் வாயில் நுழையவில்லை. யாராவது கேட்டால், "ஷிப்ட் போறவங்க வீட்டப் பத்தி எழுதுறா" என்று முடித்துக்கொள்வாள்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்த எனக்கு அதைவிட நன்றாகத் தெரிந்த விஷயம் வேறு இல்லை. அப்பா சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் இருந்தார். நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுத்துவிட்டால் வீட்டில் மிக்ஸி ஓடாது. பால்காரர் பெல் அடிக்காமல் பாக்கெட்டைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போவார். நானும் தங்கையும் கைஜாடையிலேயே சண்டை போட்டு, கைஜாடையிலேயே சமாதானமும் ஆவோம்.

ஆகவே களப்பணி சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது. காலை வேலைகள் ஓய்ந்த பிறகு போவேன். ஜன்னல்களில் கனமான போர்வையைத் தொங்கவிட்டிருப்பார்கள். வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே ஆள் முகம் தெரிய நேரமாகும். மூடிய கதவுக்குப் பின்னால் ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். கதவுக்கு இந்தப் பக்கம் நானும் அந்த வீட்டுப் பெண்ணும் தலையோடு தலை சேர்த்துக் கிசுகிசுப்போம். குவார்ட்டர்ஸ் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. எந்த பிளாக்கில் எந்தக் கதவைத் தட்டினாலும் சமையலறை எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். சில நாள், எங்கள் வீட்டுக்குள்ளேயே யாரோ வேறு ஒரு குடும்பம் இருந்துகொண்டு என்னிடம் பேசுவதுபோல் இருக்கும்.

டவுன்ஷிப்பை முடித்துவிட்டு அதை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு இருக்கும் கான்ட்ராக்ட் தொழிலாளர் வீடுகளுக்குப் போக ஆரம்பித்தபோதுதான் அது நடந்தது. மாடிப் போர்ஷன் ஒன்றில் குடியிருந்த பெண் கதவைத் திறந்ததும் சிரித்தாள். கையில் பாதி தைத்த ஜாக்கெட். கணவர் தூங்கும் நேரத்தில் தையல் மெஷின் ஓட்ட முடியாது, கையால் ஹெம்மிங் மட்டும் செய்வாளாம்.

"மறுபடியும் வந்துட்டீங்களா? வாங்க, வாங்க. சத்தம் போடாம வாங்க."

"நான் இப்பதான் முதல் தடவ வரேங்க."

"இன்னாங்க, வெளையாடுறீங்களா? போன வாரம் இங்கதான ஒக்காந்துகினு எல்லாம் கேட்டீங்க. நான் மோர் குடுத்தேன். உப்பு கம்மின்னீங்க."

மோரில் எனக்கு உப்பு கூடுதலாக வேண்டும் என்பது உண்மை. அப்படி எத்தனையோ பேருக்கு வேண்டும். யாரோ வேறு ஆய்வு மாணவி வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஒரே பொருளில் இன்னொருவர் முந்திக்கொண்டால் அத்தனை வருட உழைப்பும் வீண். அவள் என்னவெல்லாம் கேட்டாள் என்று விசாரித்தேன். என் கேள்விகளைத்தான் கேட்டிருந்தாள், அதே வரிசையில். கடைசியில், நான் கேட்காத ஒன்றையும்.

"அதான், அவுரு தூங்கும்போது மூச்சு வுடறாரான்னு எப்பனா போயிப் பாத்திருக்கியான்னு கேட்டீங்களே. தெனமும் பாப்பேன்னு சொன்னேன். மூக்குகிட்ட வெரல வச்சுப் பாப்பேன். இத யாருகிட்டயும் நான் சொன்னதில்ல. உங்ககிட்டதான் சொன்னேன்."

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

அந்தக் கேள்வி என் மனதில் மட்டும்தான் இருந்தது. சிறுவயதில், அப்பா தூங்கும் இருட்டறைக்குள் பூனைபோல் போய் அவர் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். ஏன் பார்த்தேன் என்று தெரியாது. பகலில் அவ்வளவு அசையாமல் ஒருவர் கிடப்பது எனக்குப் பயமாக இருந்தது. அம்மாவிடம்கூட அதைச் சொன்னதில்லை. மற்றவர்களுக்கும் அந்தப் பயம் உண்டா என்று கேட்க ஆசை இருந்தது. ஆனால் அறிமுகமில்லாத ஒரு பெண்ணிடம் போய், உன் புருஷன் உயிரோடு இருக்கிறாரா என்று பார்ப்பாயா என எப்படிக் கேட்பது? கேள்வித்தாளில் அதைச் சேர்க்கவே இல்லை.

அடுத்தடுத்த வீடுகளிலும் இதேதான். "நீங்கதான் வந்து போனீங்களே." "அன்னிக்கு மாதிரி மோட்டார் ஓடும்போது பேசுனா கேக்காது, கிட்ட வாங்க." ஆள் எப்படி இருந்தாள் என்று கேட்டால் வியப்பாகப் பார்த்தார்கள். "உங்கள மாதிரிதான். நீங்கதான். இருட்டுல நல்லாத் தெரியல, ஆனா கொரலு இதேதான்." கிசுகிசுக்கும்போது எல்லாக் குரலும் ஒன்றுபோல்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் எங்கேயும் எதையும் எழுதிக்கொள்ளவில்லை என்பது மட்டும் எல்லோருக்கும் நினைவிருந்தது.

பல்கலைக்கழகத்துக்குப் போய் என் வழிகாட்டியான பேராசிரியரிடம் சொன்னேன். பயந்ததைச் சொல்லவில்லை, போட்டிக்கு ஆள் இருப்பதாக மட்டும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்களுக்கு முன்னாடி ஒரு பொண்ணு ஏறக்குறைய இதே தலைப்புல என்கிட்ட பதிவு பண்ணியிருந்தாங்க. பாதியில விட்டுட்டாங்க. கல்யாணமாகி உங்க டவுன்ஷிப்லதான் இருக்காங்க. ஒருவேளை திரும்ப ஆரம்பிச்சிருக்காங்களோ என்னவோ. போய்ப் பார்த்துப் பேசிடுங்க."

எனக்குப் பெரிய நிம்மதி. சேத்தியாத்தோப்பு வழியாகத் திரும்பிய பஸ்ஸில் அந்தப் பெண்ணிடம் எப்படிப் பேச வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். அத்தியாயங்களைப் பங்கு பிரித்துக்கொள்ளலாம் என்றுகூட யோசித்தேன்.

அவர் வீடு எங்கள் பிளாக்கிலிருந்து நடக்கும் தூரம்தான். கதவைத் திறந்தவரைப் பார்த்ததும் நிம்மதி போய்விட்டது. என்னைவிட ஒரு தலை உயரம், கனத்த குரல், நெற்றியில் தெளிவாகத் தெரியும் தழும்பு. எந்த இருட்டிலும் எங்களை மாற்றிப் பார்க்க முடியாது.

உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார். நான் வந்த காரணத்தை மென்று விழுங்கிச் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"மந்தாரக்குப்பத்துலயா?"

"ஆமாங்க்கா."

"நான் அந்தப் பக்கம் போயே பல வருஷம் ஆச்சு. எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க. நான் போற வீட்டுக்கெல்லாம் நான் ஏற்கெனவே வந்துட்டுப் போனதா."

உள்ளறையில் அவர் கணவர் தூங்குகிறார் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். நாங்கள் இருவருமே கிசுகிசுத்துக்கொண்டிருந்தோம்.

"அதனாலதான் விட்டீங்களா?"

"வீட்ல கல்யாணம் பேசினாங்க, விட்டேன். எல்லாருகிட்டயும் அதத்தான் சொன்னேன்." உள்ளறைக் கதவைப் பார்த்துவிட்டு, "அவ என்ன கேட்டான்னு உனக்குச் சொன்னாங்களா?" என்றார்.

மூச்சைப் பற்றிய கேள்வியைச் சொன்னேன். அவர் தலையசைத்து மறுத்தார்.

"என் விஷயத்துல அது இல்ல. அவ கேட்டது வேற. நான் யாருகிட்டயும் கேட்கத் துணியாதது." அது என்ன என்று அவர் சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. வாசல்வரை வந்தவர், "நீ விட்டுடாத" என்றார். "நான் விட்டதுக்கப்புறம் ரொம்ப நாளு, அவ மட்டும் தனியா அங்க வீடு வீடா போய்க்கிட்டிருக்கான்னு தோணும். அது இன்னும் மோசம்."

ஒரு மாதம்போல் எங்கும் போகவில்லை. நூலகத்தில் உட்கார்ந்து பழைய ஆய்வேடுகளைப் புரட்டினேன். டாக்டரல் கமிட்டிக் கூட்டம் நடந்தது. தரவு போதாது என்றார்கள். குறிப்பாக, பெண்கள் சொன்னது மட்டும் இருக்கிறது, தூங்கியவர் தரப்பு எங்கே என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் பேச ஒப்புக்கொண்டிருந்தார். வேலை முடிந்ததும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மந்தாரக்குப்பத்தில் மகளோடு இருந்தார். மனைவி இறந்துவிட்டார். பயத்தை ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு நண்பகலில் கிளம்பினேன்.

கதவைத் திறந்த மகள் என்னைப் பார்த்து ஓரடி பின்னால் போனாள்.

"நீங்க எப்ப வெளிய போனீங்க?"

"இப்பதான் வரேன்."

"உள்ள அப்பாகூடப் பேசிக்கினு இருந்தீங்களே. டீ போடலாம்னு இப்பதான் அடுப்படிக்கு வந்தேன்." அவள் கையில் வடிகட்டி இருந்தது. அடுப்பில் பால் பொங்கிய வாசனை வந்தது. அவள் திரும்பி ஓடவில்லை, அலறவும் இல்லை. என்னையும் உள்ளறைக் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே பெரியவர் பேசுவது கேட்டது. யாரோ கேட்டதற்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் குரல். இடையில் நிறுத்துவார், எதையோ கேட்பதுபோல் அமைதியாக இருப்பார், "ஆமாம்மா" என்று தொடர்வார். அந்த இடைவெளியில் எனக்கு எதுவும் கேட்கவில்லை.

திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். என் கால்கள் உள்ளே போயின.

ஜன்னலில் இங்கேயும் போர்வை. ஓய்வுபெற்ற பிறகும் பகலில்தான் அவருக்குத் தூக்கம் பிடிக்குமாம். கட்டிலில் சுவரோடு சாய்ந்து, கண்ணை மூடியபடி உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் யாரும் இல்லை. அவர் முகம் மட்டும் அந்த நாற்காலியை நோக்கியே இருந்தது.

வேறு என்ன செய்வது என்று தெரியாமல் போய் அதில் உட்கார்ந்தேன். நாற்காலி வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் காலம், எல்லாமே அப்படித்தான் இருக்கும். கைபேசியில் பதிவு செய்யும் பொத்தானை அழுத்தினேன். அவர் தடங்கலே இல்லாமல் பேசிக்கொண்டு போனார்.

"...எம் பொஞ்சாதி வந்து மூக்குகிட்ட வெரல வைப்பா. அவளுக்கு எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. எனக்குத் தெரியும். கண்ணத் தொறந்தா வெக்கப்படுவா, அதனால தூங்கறாப்புலயே கெடப்பேன். மூச்ச மட்டும் கொஞ்சம் பலமா இழுத்து வுடுவேன். அவ நிம்மதியாப் போவட்டும்னு."

அவர் நிறுத்தினார். என் முறை வந்துவிட்டது என்று புரிந்தது.

"இப்பவும் அது ஞாபகம் வருமாங்க?"

"ஞாபகமா?" பெரியவர் சிரித்தார். "இப்பவும் வருதும்மா. மத்தியானம் ஆனா வெரலு வந்துடும். மூச்ச நிறுத்தக் கூடாது பாரு, பயந்துடுவா. அதுக்காவத்தான் இழுத்துக்கினு கெடக்கறேன்."

அதன் பிறகு வெகுநேரம் பேசினோம். மகள் டீ கொண்டுவந்தாள். தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதின. நான் எழுந்தபோது பெரியவர் கண்ணைத் திறந்து, "நல்லாக் கேட்டம்மா நீ" என்றார். அவர் சொன்ன நீ நான்தானா என்று கேட்கவில்லை.

அன்றைக்குப் பிறகு எந்த வீட்டிலும் யாரும், "ஏற்கெனவே வந்தீங்களே" என்று சொல்லவில்லை. கதவைத் திறந்து, யார், என்ன வேண்டும் என்று கேட்டார்கள். நான் என்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. மூச்சைப் பற்றிய கேள்வியையும் நானே என் வாயால் கேட்டேன். பெரும்பாலானவர்கள் ஆமென்று தலையாட்டினார்கள். ஓரிருவர் அழுதார்கள். அதுவே என் ஆய்வேட்டின் முக்கியமான அத்தியாயம் ஆனது.

வாய்மொழித் தேர்வு துறையின் கருத்தரங்கக் கூடத்தில் நடந்தது. அப்பா சட்டையை இன் பண்ணிக்கொண்டு பின்வரிசையில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தார். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஆய்வேட்டின் பக்கங்களைப் புரட்டி ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இந்தப் பெரியவரோட நேர்காணல் ரொம்ப நல்லா வந்திருக்கு. ஆனா நடுவுல இருந்து ஆரம்பிக்குது. கேள்வியே இல்லாம நேரா பதில்ல. முன்பகுதி எங்க?"

என் வழிகாட்டி நிமிர்ந்து பார்த்தார். கூடத்தில் மாணவர்கள் இருந்தார்கள், நாற்காலிகளில் சில காலியாக இருந்தன.

"நான் போறதுக்குள்ள ஆரம்பிச்சுட்டாரு, சார். எனக்குக் கேட்டதிலிருந்து எழுதியிருக்கேன்."

எல்லோரும் சிரித்தார்கள். தேர்வாளரும் சிரித்தார். "நேர்மையான பதில்" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பினார். பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்ததும் கூடம் கைதட்டியது. அம்மா எடுத்து வந்திருந்த கேசரியை அங்கேயே எல்லோருக்கும் கொடுத்தாள். கலைந்து போகும்போது முதலாமாண்டு ஆய்வு மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, களப்பணிக்குப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டாள்.

சொல்ல நிறைய இருந்தது. "நேரத்துக்குப் போயிடு" என்று மட்டும் சொன்னேன். அவள் அதைக் குறித்துக்கொண்டாள்.