வேலுவின் முதல் சிகரெட்

"சார், இங்க வர்றதுக்கு முன்னாடி எங்க வூட்டுக்காரரு சிகரெட்டத் தொட்டதே இல்ல."

செல்வி இதைச் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு குடிநோய் சிகிச்சை மையத்தில் பதினெட்டு வருடமாக ஆலோசகராக இருக்கிறேன். அவள் கணவர் வேலு வல்லக்கோட்டைக்காரர், கம்பெனியில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுபவர். அதற்கு எட்டு மாதம் முன் எங்களிடம் முப்பது நாள் இருந்து குடியை விட்டவர். அதன்பின் ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. நாற்பத்தொரு வயதில் ஹார்ட் அட்டாக் வந்து, ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். இனிமேல் புகைத்தால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலுவோ தினம் ஒரு பாக்கெட் ஊதிக்கொண்டிருந்தார். விட முடியாமல் இருவரும் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள்.

நான் நம்பவில்லை. "உங்களுக்குத் தெரியாம ஊதியிருப்பாரும்மா" என்றேன்.

"பத்து வருசம் குடிச்சாரு, அத்தயே மறைக்கத் தெரியல. இத்தயா மறைச்சிருப்பாரு?"

பழைய ஃபைலை எடுத்தேன். 'புகை: இல்லை' என்று இருந்தது. கையெழுத்து என்னுடையது.

பின்வாசல்

எங்கள் மையத்தில் ஒரு வழக்கம் இருந்தது. குடியை விடுகிறவனிடம் சிகரெட்டையும் பிடுங்கினால் ஓடிவிடுவான் என்று நம்பினோம். பாக்கெட்டுகள் என் அலமாரியில் இருக்கும். ஒவ்வொரு குரூப் மீட்டிங் முடிந்ததும் பின்வாசலைத் திறந்து, புகைப்பவர்களைப் பத்து நிமிடம் புங்கமரத்தடிக்குக் கூட்டிப்போவேன். ஆளுக்கு ஒன்று கொடுத்து நானும் ஒன்று பற்ற வைப்பேன். மீட்டிங்கில் வாயே திறக்காதவர்கள் அங்கே மனம்விட்டுப் பேசுவார்கள். அதில் எனக்குப் பெருமை வேறு. புகைக்காதவர்கள் உள்ளேயே இருக்க வேண்டும். எல்லோரையும் வெளியே விட்டால் பார்த்துக்கொள்ள ஆள் போதாது என்று நினைத்தோம்.

அன்று வேலுவிடம் நேராகவே கேட்டேன்.

"அஞ்சாவது நாளு சார். எல்லாரும் வெளிய சிரிச்சிக்கினு நிக்கிறாங்க. நான் மட்டும் உள்ள ஃபேனப் பாத்துக்கினு குந்தியிருந்தேன். எனக்கும் ஒண்ணு குடுங்கன்னு கேட்டேன். நீங்கதான் குடுத்தீங்க."

"நானா?"

"பத்த வெக்கத் தெரியாம முழிச்சேன். நீங்களே பத்த வெச்சி வுட்டு, மெதுவா இழு, இருமல் வராதுன்னு சொன்னீங்க."

அவர் குரலில் கோபமே இல்லை. நன்றியோடு சொல்வதுபோல் சொன்னார். எனக்கு அது நினைவில்லை என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது. வெளிக்காற்றுக்காக வந்த மனிதனின் வாயில் நெருப்பை வைத்திருக்கிறேன், அதை மறந்தும் போயிருக்கிறேன்.

"உடனே விட்டாகணும் வேலு" என்றேன்.

"நீங்க வுட்டுட்டீங்களா சார்?"

சட்டைப்பையில் பாக்கெட் இருந்தது. செல்வி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் அதைக் குப்பைக்கூடையில் போட்டாள்.

அதன்பிறகு

இப்போது குரூப் முடிந்ததும் பின்வாசல் எல்லோருக்கும் திறக்கிறது, சிகரெட் இல்லாமல். குடிக்கு மருந்து கொடுக்கும் நாளிலிருந்தே புகையை விடவும் உதவுகிறோம். டாக்டர் ஆளைப் பார்த்து நிக்கோட்டின் சூயிங்கம்மோ மாத்திரையோ எழுதுகிறார். "இதுவும் போச்சா சார்?" என்று உள்ளே இருந்தவர்கள் முதல் வாரம் திட்டினார்கள். நாங்கள் பயந்ததுபோல் யாரும் ஓடவில்லை. மரத்தடியில் பேச்சும் குறையவில்லை.

வேலு விட்டு ஐந்து மாதம் ஆகிறது. நடுவில் இரண்டு முறை சறுக்கி, அவரே வந்து சொன்னார். நான் நான்கு முறை. நானும் அவரிடம்தான் சொன்னேன்.

டிஸ்சார்ஜ் படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்திருக்கிறேன்: 'இங்கே வந்து புதிதாக என்ன பழகினீர்கள்?' புதிதாக வேலைக்குச் சேரும் ஆலோசகர்கள், "இன்னா சார் இது, ஸ்கூல்ல கேக்குற மாதிரி கீது" என்று சிரிப்பார்கள். நடந்ததைச் சொல்லி, வேலுவின் பழைய ஃபைலைப் பிரித்து முன்னால் வைப்பேன். என் கையெழுத்தில் 'புகை: இல்லை' என்றிருப்பதைப் படித்த பிறகு யாரும் சிரித்ததில்லை.