அந்தரத்தில் நிற்கும் விரல்

பாஸ்டி என்ற, உள்ளே அடைத்துச் சுட்ட ரொட்டிகள் இருக்கும் டப்பாவின் மேல், ஓர் அங்குல உயரத்தில், ஆர்னி ஹக்காலாவின் ஆள்காட்டி விரல் நிற்கிறது. எதில் மாட்டிறைச்சி, எதில் வெறும் கிழங்கு என்று யாராவது சொன்னால்தான் இறங்கும்.

"தொட்டா கடிக்காது, எடுப்பா!" என்கிறார் அவசர அழைப்புகளை எடுக்கும் டார்லா.

மிச்சிகனின் வடகோடியில் இருக்கும் அந்த அலுவலகத்துக்கு வரைபட மென்பொருள் எழுதிக் கொடுப்பவர் ஆர்னி. படத்தில் சிவப்புப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு தீயணைப்புக் குழாய். மவுஸின் அம்புக்குறியை அதன்மேல் கொண்டுபோய் நிறுத்தினாலே போதும், அழுத்தவே வேண்டாம். குழாய் இருக்கும் இடம் ஒரு சின்னக் கட்டத்தில் விரியும். குழாய்கள் பனிக்குள் புதைந்துபோகும் ஊரில் அந்தக் கட்டம்தான் கதி. திரையைத் தொட்டுக் காட்டுபவர்களை ஆர்னிக்குக் கண்டாலே ஆகாது. அவர் சட்டைப்பையில் எப்போதும் திரை துடைக்கும் துணி இருக்கும்.

போன வாரம் ஒரு வீடு எரிந்தபோது டார்லாவின் திரையில் கட்டம் படபடவென்று வந்து வந்து மறைந்தது. வீரர்கள் வேறெங்கோ பனியைத் தோண்டினார்கள். சமையலறை போயிற்று.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சு, உன் படத்தைத் தூக்கிக் கடாசிட்டுப் பழைய காகிதத்துக்கே போயிடுவோம்" என்றார் தீயணைப்புத் தலைவர். ஆர்னிக்கு அவமானமாக இருந்தது. அன்று பாஸ்டிகூட இறங்கவில்லை.

"என் மிஷின்ல நல்லாத்தானே வருது?"

"உன் மிஷின்ல எல்லாமே நல்லாத்தான் வரும்" என்றார் டார்லா.

ஆர்னி அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். சோதிக்கும்போது ஆர்னி அம்பை ஈ ஓட்டுவதுபோல் ஓட்டிக்கொண்டே இருப்பார். டார்லா வைத்தால் வைத்ததுதான், கை அசையாது. கட்டமோ அம்பின் அடியிலேயே விரிந்து புள்ளியை மூடியது. அம்பு புள்ளியை விட்டுப் போய்விட்டதென்று நினைத்து நிரல் கட்டத்தை மூடியது. புள்ளி தெரிந்ததும் மறுபடி திறந்தது.

"தானே திறந்து தானே மூடிக்குது, கிறுக்கு" என்றார் ஆர்னி, வேறு யாரோ எழுதியதுபோல. கட்டம் தள்ளி விரியும்படி மாற்றினார்.

மறுநாள் மத்தியானம் ஒரு கொட்டகையில் தீ. டார்லா அம்பை நிறுத்தினார். கட்டமும் நின்றது. "சர்ச்சுக்குப் பின்னாடி, வேலியிலேர்ந்து நாலடி" என்று படித்தார். ரேடியோவில் மண்வெட்டிச் சத்தம். ஆர்னி பாதி தின்ற பாஸ்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"கிடைச்சிடுச்சு. தண்ணி வருது."

ஆர்னி குனிந்து, அந்தச் சிவப்புப் புள்ளியின்மேல் ஆள்காட்டி விரலை அழுத்தி வைத்தார். எடுத்தபோது திரைக் கண்ணாடியில் பாஸ்டி எண்ணெய் ஒட்டியிருந்தது. துணி சட்டைப்பையிலேயே இருந்தது.