முழங்காலுக்குள் ஐந்து மாதம்

சித்தியின் வலது முழங்கால் அந்த ஐப்பசியில், பாதித் தேங்காயைக் கவிழ்த்து வைத்தாற்போல் வீங்கியிருந்தது. போடிமெட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில் ஏலக்காய் எடுக்கிறவள் அவள். ஏலச்செடி காயைத் தூரடியில்தான் வைக்கும். நாளெல்லாம் குந்தியும் மண்டியிட்டும் எடுக்க வேண்டும். எங்கும் விழவில்லை, அடிபடவில்லை. ஒருநாள் காலையில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பில் கால் தூக்கி வைக்க முடியாமல் நின்றவள், அதன்பிறகு மலைக்கே போகவில்லை.

ஐந்து மாதம் அவளைக் கூட்டிக்கொண்டு அலைந்தேன். எக்ஸ்ரேயில் எலும்பு பழுதில்லாமல் இருந்தது. ஆனாலும் ஒரு டாக்டர் தேய்மானம் என்றார். யூரிக் அமிலமா, மூட்டுவாதமா என்று ரத்தம் எடுத்தார்கள். இரண்டும் இல்லை. மூட்டில் கோத்த நீரை ஊசியால் உறிஞ்சிக் காசநோய்க் கிருமியைத் தேடினார்கள். அதுவும் அகப்படவில்லை. மாத்திரை தின்றால் வீக்கம் வடியும், நிறுத்தினால் திரும்பிவிடும். சித்தி வாயைத் திறக்கும்போதெல்லாம் நான்தான் அடக்குவேன். "டாக்டருக்கு ஆயிரம் சோலி சித்தி. நான் சொல்லிக்கிறேன், நீ சும்மா இரு." தோட்டத்தில் அவள் இடத்துக்கு வேறு ஆள் சேர்ந்துவிட்டதாகத் தகவல் வந்த அன்று அவள் சாப்பிடவே இல்லை.

மதுரையில் பார்த்த வயதான டாக்டர், நான் நீட்டிய கோப்பைப் புரட்டிவிட்டு மூடி வைத்தார்.

"தம்பி, நீங்க இருங்க. அம்மா பேசட்டும். காய் எப்பிடிம்மா எடுப்பீங்க? செஞ்சு காட்டுங்க."

சித்தி சுவரைப் பிடித்து இறங்கி, வலது முழங்காலைத் தரையில் ஊன்றப் போய், வலியில் பாதியிலேயே நின்றுவிட்டாள்.

"இந்தக் காலைத்தான் ஊனுவீங்களா? இதுல எப்பவாச்சும் முள்ளு குத்துச்சா?"

சித்தி யோசித்தாள். "தோட்டத்துல இல்ல டாக்டரே. லீவு நாள்ல வெளக்குமாத்துக்கு மலைச்சரிவுல ஈச்ச ஓலை அறுக்கப் போனேன். மண்டி போட்டப்ப சுருக்குன்னுச்சு. புடுங்கிப் போட்டுட்டேன். வீங்குனது பத்து நாள் கழிச்சுல்ல?"

ஐந்து மாதத்தில் நான் கேட்டிராத செய்தி அது.

"ஈச்சமுள்ளு எக்ஸ்ரேல தெரியாதும்மா" என்றபடி, வயிற்றுக்கு வைக்கும் அதே ஸ்கேன் கருவியை முழங்காலில் வைத்து மெல்ல நகர்த்தினார். சாம்பல் மூட்டத்துக்குள் ஓரிடத்தில் சின்னதாய் ஒரு வெள்ளைக் கீற்று.

சிறு துளை போட்டு எடுத்த அந்த ஒடிந்த முனை, ஓர் அரிசி நீளம்கூட இல்லை. மூட்டுக்குள் புகுந்த அந்தத் துணுக்கை எதிர்த்துத்தான் உடம்பு இத்தனை நாளும் நீர் கோத்துப் போராடியிருக்கிறது. அவ்வளவு சோதனைக்கும் பிடிபடாதது, அவளைப் பேசவிட்டதும் பிடிபட்டது. இன்று அவள், மறுபடி சேர்த்துக்கொண்ட அதே தோட்டத்தில் காய் எடுக்கிறாள்.

தையல் பிரித்த அன்று, மாணவர்களுக்குக் காட்ட அந்த முள்ளைத் தான் வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டர் அவளிடம் அனுமதி கேட்டார். ஐந்து மாதத்துக்குப் பிறகு சித்தி சிரித்தாள்.

"அதுக்கென்ன டாக்டரே, மலைக்குப் போனதும் ஈச்சமுள்ளு முழுசாவே ஒரு கட்டு கொண்டாறேன்."