கரடிப் படம் பார்த்த எண்பது நாள்

என் நோய் ஒரு செருப்பில் தொடங்கியது. அரியூர் நாட்டுப் பக்கம் தபால் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்த ஒரு பெண் கூப்பிட்டு, என் இடதுகால் செருப்பைக் கையில் நீட்டினாள். அது எங்கே கழன்றதென்று எனக்குத் தெரியவில்லை. வெறுங்காலோடு சரளைக் கல்லில் நடந்து வந்திருக்கிறேன், கால் அதை எனக்குச் சொல்லவில்லை.

எங்கள் மலையில் ஊர்த்தொகுதியை நாடு என்போம். அங்கே கிளை அஞ்சலகத்தில் வேலை. நடப்பதுதான் என் பிழைப்பு. அதற்கு இரண்டு வாரம் முன்பு வயிற்றுப்போக்கு வந்து சரியாகியிருந்தது. அந்தக் களைப்பென்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலை அடுப்புக்கு முன் குந்தியவளால் எழ முடியவில்லை. மதியத்துக்குள் தண்ணீர்ச் சொம்பு கையிலிருந்து நழுவியது. என் கணவர் பெரியசாமி ஜீப்புக்கு ஆள் அனுப்பினார்.

எங்கள் மகள் தர்ஷினிக்கு அப்போது ஆறு வயது. அவளை அடிவாரத்துப் பேளுக்குறிச்சியில் ஷகிலா வீட்டில் விட்டோம். ஷகிலாவின் கணவர் சந்தையில் மிளகு வாங்கும் வியாபாரி, எங்கள் மிளகும் அவரிடம்தான் போகும். அப்படிப் பழகி, பத்து வருடமாக ஷகிலா எனக்குத் தோழி. என்னைவிட நாலு வயது இளையவள். ஜீப்பின் சன்னலுக்குள் தலையை நீட்டி, "நீங்க போயிட்டு வாங்கக்கா, கண்ணு எங்கூட இருக்கட்டும்" என்றாள். ரெண்டு நாள்தான் என்றேன். எண்பது நாள் ஆனது.

சேலம் மருத்துவமனையில் ஒரு பெண் மருத்துவர் என்னைப் பார்த்தார். முழங்காலில் சிறு சுத்தியலால் தட்டினார், கால் துள்ளவில்லை. பிறகு ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னார். காலையில் இருபத்து நான்கு வரை எண்ணினேன். மாலையில் பதினொன்றில் மூச்சு நின்றது. அவர் முகம் மாறியதைக் கவனித்தேன்.

கில்லன்–பாரே நோய் (உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் நரம்புகளின் மேலுறையையே தாக்கிவிடும் நோய்) என்றார். முதுகுத்தண்டு நீரை எடுத்துச் சோதித்தார்கள். ஐந்து நாள் இம்யூனோகுளோபுலின் (பிறர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் எதிர்ப்புப் புரதம்) ஏற்றினார்கள். அதற்குள் மூச்சுத் தசைகளும் ஓய்ந்துபோக, பன்னிரண்டு நாள் வென்டிலேட்டரில் (செயற்கை சுவாசக் கருவி) கிடந்தேன்.

இதே நோயோடு படுத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பயம் வரும், அழுகை வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். பொறாமை வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தரை துடைக்க வரும் அம்மாள் குனிந்து நிமிர்வதைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். செவிலியர் ஒருத்தி ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலைச் சொறிந்துகொண்டதை இன்றும் மறக்கவில்லை. பக்கத்துப் படுக்கைப் பெண்ணுக்கும் என் நோய்தான். மூன்றாவது வாரம் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் விழுந்துவிட வேண்டுமென்று ஒரு நொடி நினைத்தேன். அதை இப்போதுதான் முதன்முறையாக எழுதுகிறேன்.

தொண்டையிலிருந்த குழாயை எடுத்த பிறகு, பெரியசாமி மாலையில் போனைப் பிடித்துத் தர்ஷினியைக் காட்டுவார். என் குரல் கரகரத்திருந்தது. முகத்தின் இரு பக்க நரம்புகளும் செயலற்றுப் போயிருந்தன. சிரிக்க முடியாது, கண்ணை முழுதாக மூட முடியாது. தர்ஷினி திரையைப் பார்க்காமல் பக்கவாட்டில் பார்த்துப் பேசுவாள். அவளுக்குப் பேச ஒரே விஷயம்தான் இருந்தது. கரடிப் படம்.

ஷகிலா சிறுமியாக இருந்தபோது வந்த பழைய படம் அது. சி.டி. அவர்கள் வீட்டில் இருந்தது. காட்டில் காவல்காரரின் மகள், காலில் அடிபட்ட ஒரு கரடியைப் பார்க்கிறாள். நாள்தோறும் பலாச்சுளை கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொள்கிறாள். மெல்ல மெல்ல அது அவளிடம் வருகிறது. இவ்வளவுதான் கதை. தர்ஷினி அதைத் தினமும் பார்த்தாள். ஷகிலா அவளைத் தன் மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"ஷகிலாம்மா கரடி மாதிரியே கத்துவாங்க" என்றாள் ஒரு நாள்.

ஷகிலாம்மா. அந்தக் கடைசி இரண்டு எழுத்துகள் என் நெஞ்சுக்குள் இறங்கின. மறுநாளிலிருந்து போனைக் காட்ட வேண்டாமென்று பெரியசாமியிடம் சொல்லிவிட்டேன். களைப்பு என்றேன். அவர் நம்பினார். மகளின் முகத்தைப் பார்க்காமல் பதினைந்து நாள் கிடந்தேன். தினமும் அந்த வேளையில், அவள் இப்போது யார் மடியில் இருக்கிறாள் என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது.

எண்பதாவது நாள் சக்கர நாற்காலியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் வளரும், அவசரப்படாதீர்கள் என்றார் மருத்துவர். வழியில் பேளுக்குறிச்சியில் இறங்கினோம். ஷகிலா கீழ்அறையை எனக்காகக் காலி செய்து வைத்திருந்தாள். சமதரை, பிசியோதெரபிக்கு ஆள் பக்கத்திலேயே உண்டு, ஒரு மாதம் இருந்துவிட்டுப் போங்கள் என்றாள். நியாயமான பேச்சுதான். தர்ஷினி அவள் புடவைக்குப் பின்னால் நின்று என்னை எட்டிப் பார்த்தாள்.

"எம்புள்ளைய இனி நாம் பாத்துக்கறேன் ஷகிலா" என்றேன். "நீ படம் போட்டுக் காட்டுனது போதும்."

பெரியசாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். ஷகிலா உள்ளே போய்க் குழந்தையின் துணிகளை மடித்து ஒரு பையில் வைத்துக் கொண்டுவந்தாள். எல்லாவற்றையும் இஸ்திரி போட்டிருந்தாள். மலை ஏறும் வழி முழுக்கத் தர்ஷினி அழுதாள். நான் முன்சீட்டில் அசையாத முகத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில்தான் நான் செய்த தவறு புரிந்தது. பெரியசாமிக்கு மரவள்ளிக் காட்டு வேலை. என்னால் ஒரு டம்ளரைப் பிடிக்க முடியாது. குழந்தைக்குத் தலை வார முடியாது. தர்ஷினி வாசல்படியைத் தாண்டி என் அறைக்குள் வரவே இல்லை. நான் கண் திறந்தபடி தூங்குவதை ஒருமுறை பார்த்துவிட்டு ஓடியிருக்கிறாள். கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அவளைக் குறை சொல்ல முடியாது.

ஐந்தாம் நாள் அவள் உள்ளே வந்தாள். ஒரு தட்டில் வாழைப்பழத்தை நறுக்கி எடுத்துவந்து, கட்டிலிலிருந்து ரொம்பத் தள்ளித் தரையில் வைத்தாள். பிறகு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். சிறிது நேரம் கழித்துத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் தட்டு ஒரு முழம் அருகே வந்தது. அடுத்த நாள் இன்னும் அருகே. ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன். பெரியசாமிதான் சொன்னார், படத்தில் அந்தப் பெண் கரடிக்கு இப்படித்தான் வைப்பாளாம்.

அப்படி வைக்கத் தொடங்கிய நான்காம் நாள் தட்டு கட்டிலின் மேலேயே வந்தது. எனக்குள் ஏதோ வெடித்தது. பெற்றவளை மிருகம் என்று எண்ணும்படி ஒருத்தி பழக்கியிருக்கிறாள் என்று நினைத்தேன். புறங்கையால் தட்டைத் தள்ளினேன். எறிய எனக்குப் பலம் இல்லை. தட்டு சரிந்து பழத்துண்டுகள் தரையில் உருண்டன.

தர்ஷினி அழவில்லை. ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

"கரடியும் மொதல்ல தட்டி உட்டுச்சு" என்றாள். "அப்பறந்தான் தின்னுச்சு."

"நான் கரடியா கண்ணு?"

"இல்லம்மா. உனக்கு மூஞ்சிதான் அசையாதாம். உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டுத்தான் இருப்பியாம். பயந்துக்காம பக்கத்துல போய் உக்காரோணும்னு ஷகிலாம்மா சொன்னாங்க. தெனமும் சொன்னாங்க."

போனில் என் முகத்தைப் பார்த்த நாளிலிருந்து, குழந்தை பயப்படுகிறாள் என்று ஷகிலாவுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் படத்தை அத்தனை முறை போட்டது அதற்காகத்தான். அவள் திருடிக்கொண்டாள் என்று நான் நினைத்த ஒவ்வொரு மாலையிலும், அவள் என் மகளை எனக்காகத் தயார் செய்துகொண்டிருந்தாள்.

தர்ஷினி ஒரு துண்டைத் துடைத்து நீட்டினாள். வாய் சரியாக மூடாததால் பாதி கீழே விழுந்தது. அவள் அதைப் பார்த்துச் சிரித்தாள். அன்று என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பெரியசாமியை ஷகிலாவுக்குப் போன் போடச் சொன்னேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "ஒருக்கா வந்துட்டுப் போ" என்றேன். "நாளைக்கே வாரேங்க்கா" என்றாள். மறுநாள் முதல் பஸ்ஸில் வந்தாள். எனக்குத் தலை வாரிவிட்டாள். நான் பேச ஆரம்பித்தபோது தடுத்து, பின்னால் நின்றபடியே சொன்னாள்.

"எனக்கும் வயிறு எரிஞ்சுதுங்க்கா. நீங்க கூட்டிட்டுப் போன அன்னைக்கு, என்னமோ எம்புள்ளையவே புடுங்கிட்டுப் போற மாதிரி இருந்துச்சு. ஊடே வெறிச்சுனு போயிருச்சு. உங்களுக்கு ஒடம்பு சரியாவ இன்னுங்கொஞ்ச நாள் ஆனா என்னன்னுகூட ஒரு நேரம் தோணுச்சு. அல்லா மன்னிக்கணும்."

சீப்பு நின்று, மறுபடி நகர்ந்தது. நாங்கள் இருவரும் அதைப் பற்றி அதன்பின் பேசவில்லை.

ஷகிலா சொன்ன பிசியோதெரபிக்காரரிடமே போனேன். அவள் வீட்டுக் கீழ்அறையில் ஒரு மாதம் இருந்தோம். முதலில் கண் மூடியது. பிறகு உதட்டின் வலது ஓரம் அசைந்தது. வாக்கர், ஊன்றுகோல், பிறகு பாதம் தொங்காமல் தாங்கும் பிளாஸ்டிக் பட்டை. ஏழு மாதம் கழித்து அஞ்சலக மேசைக்குத் திரும்பினேன்.

பொறாமை குணமாகிவிட்டதா என்று கேட்டால், இல்லை. பைல் நாட்டுப் பாதையில் புல்லுக்கட்டோடு விறுவிறுவென்று இறங்கும் பெண்களைப் பார்த்தால் இன்னும் நின்றுவிடுகிறேன். விடுமுறைக்கு ஷகிலாம்மா வீடு என்று தர்ஷினி குதிக்கும்போது எனக்குள் ஒன்று சுருங்குகிறது. மருந்துக்கு அடங்காத சிறு வலியைப் போல அதையும் கூடவே வைத்துக்கொள்ளப் பழகிவிட்டேன். நாட்களை நான் இப்போது மில்லிமீட்டரில் எண்ணுகிறேன். அப்படி எண்ணினால் ஒரு வருடம் முழங்காலிலிருந்து கணுக்கால் வரையிலான தூரம்தான்.

போன சந்தை நாளில் நானும் தர்ஷினியும் பஸ்ஸில் பேளுக்குறிச்சிக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். வளைவுகள் தொடங்கியதும் தர்ஷினி என் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள். பாதி வழியில் என் வலது தொடை மரத்துப்போயிருப்பதை உணர்ந்தேன். நோய் திரும்பி வந்துவிட்டதோ என்று ஒரே மூச்சில் எண்ணிப் பார்த்தேன். முப்பதைத் தாண்டியது. அவள் புரண்டு படுத்தாள். தொடையில் சுருசுருவென்று ஊசி குத்துவதுபோல் ரத்தம் ஓடியது. குழந்தையை மடியில் வைத்திருக்கும் எல்லோருக்கும் வரும் மரப்புதான்.

கீழே பஸ் நிறுத்தத்தில் ஷகிலா நிற்பாள். இவள் எழுந்ததும் அவளிடம் ஓடுவாள். இன்னும் இருபது வளைவுகள் இருந்தன. நான் காலை நகர்த்தவில்லை.