பங்கர் வாயும் செபஸ்தியம்மாவும்

செபஸ்தியம்மாவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. குருநகரில் இருந்த காலத்தில் விடியற்புறம் கரையில் மீன் எடுத்து ஓலைக் கடகத்தைத் தலையில் தூக்கினாள் என்றால், அரியாலை, நாயன்மார்கட்டு, நல்லூர் என்று வீடு வீடாக விற்று முடித்து உச்சிப்பொழுதில்தான் திரும்புவாள். முப்பது வருட நடை. மெலிந்து முறுகிய உடம்பு. கதைத்துக்கொண்டு நிற்கும்போதுகூட ஒரு கால் அடுத்த அடி வைக்கத் துடித்துக்கொண்டிருக்கும்.

தொண்ணூறாம் ஆண்டு சண்டை மூண்டது. இராணுவம் இருந்த கோட்டையிலிருந்து ஷெல் வந்து விழ, குருநகர் வெறிச்சோடியது. மகன் சந்தியோகுவோடும் மருமகள் ஸ்ரெல்லாவோடும் கொழும்புத்துறையில் உறவுக்காரர் விட்ட ஒரு துண்டு வளவுக்கு வந்து சேர்ந்தாள். கடலுக்குப் போகத் தடை. மீன் இல்லாத ஊரில் மீன்காரிக்கு என்ன வேலை? சந்தியோகு சைக்கிளில் விறகு கட்டி விற்கப் போனான். அடுப்படி ஸ்ரெல்லாவின் கையில். மாமி தண்ணீர் அள்ளப் போனால், "நீங்கள் இருங்கோ மாமி" என்பாள். விளக்குமாற்றைத் தொட்டால், "விடுங்கோ மாமி, நான் கூட்டுறன்." நல்ல பிள்ளைதான். அந்த நல்ல குணம்தான் மாமியைக் கதிரையோடு ஒட்டவைத்தது.

கால் நின்றது, வாய் ஓடத் தொடங்கியது. நிவாரண மாவில் றொட்டி, அதற்குத் தேங்காய்ப்பூ, தேத்தண்ணிக்குப் பனங்கட்டி. குண்டு போடும் பொம்மர் சத்தம் கேட்டால் பயத்தில் ஒரு கடி, கேட்காவிட்டால் எப்ப வருமோ என்ற யோசனையில் இன்னொரு கடி. இரண்டு வருடத்தில் மனுசி ஊதிப்போனாள். சட்டைகள் எல்லாவற்றுக்கும் தையல் பிரித்தாயிற்று. பக்கத்து வளவுப் பூரணம், "இந்தக் காலத்திலை உப்பிடி உடம்பு வைக்கக் குடுத்து வைக்கோணும் அக்கா" என்றாள். செபஸ்தியம்மாவும் அதை நம்பித் தொலைத்தாள், அந்தப் புதன்கிழமை வரைக்கும்.

அன்று முற்பகல் பொம்மர் வந்தது. சந்தியோகு வீட்டில் இல்லை. முற்றத்து வேம்படியில் அவன் வெட்டிய பங்கர்தான் கதி. பனங்குற்றி அடுக்கி, மேலே மண்மூட்டை போட்ட குழி. வாய் ஒடுக்கம். பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு அதற்குள் இறங்க முடியாது. ஒருவர் முதலில் இறங்கிக் கையை நீட்டித்தான் வாங்க வேண்டும். ஆறு மாதப் பேரனோடு ஓடிவந்த ஸ்ரெல்லா, அந்த அந்தர அவசரத்திலும் மரியாதை விடாமல், "மாமி, முதல் நீங்கள் இறங்குங்கோ" என்றாள்.

மாமி இறங்கினாள். இடுப்போடு இறுகி நின்றுவிட்டாள். கீழேயும் போக ஏலாது, மேலேயும் வர ஏலாது. போத்தலில் தக்கை இறுகின மாதிரி நின்றுகொண்டு, "தள்ளடி! தள்ளு!" என்று கத்தினாள். ஸ்ரெல்லா ஒரு கையில் பிள்ளையோடு மறு கையால் தோளைத் தள்ளினாள். பொம்மர் பதிந்து வந்தது. ஸ்ரெல்லா அப்படியே மண்ணில் குப்புற விழுந்து பிள்ளையைத் தன் வயிற்றுக்குக் கீழே மூடிக்கொண்டாள். செபஸ்தியம்மாவின் கண்ணுக்கு முன்னால், ஒரு முழத் தூரத்தில், பேரனின் குட்டிக் கால்கள் இரண்டும் வெளியே கிடந்து உதைத்தன.

குண்டு தூரத்தில்தான் விழுந்தது. மாதா காப்பாற்றினாள் என்று சொல்லிக்கொண்டார்கள். ஸ்ரெல்லா நாலு வார்த்தை நல்லாய் ஏசியிருந்தால் செபஸ்தியம்மாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பின்னேரம் சந்தியோகு மண்வெட்டியோடு பங்கரடிக்குப் போனான்.

"டேய், வை கீழை! வாயைப் பெருப்பிச்சால் குண்டுச் சன்னமும் சேர்ந்து உள்ளை வரும். குழியிலை கை வையாதை. நான் குறைக்கிறன்."

"எதையம்மா குறைக்கப் போறியள்?"

"என்னை!"

கிணற்றடியில் நின்ற ஸ்ரெல்லாவுக்கு இது கேட்கவில்லை. செபஸ்தியம்மாவும் சொல்லவில்லை, மகனையும் சொல்லவிடவில்லை. எனக்கு உடம்பு மொத்தம், இனி மெலியப் போறன் என்று மருமகளுக்கு முன்னால் போய் எந்த மாமி சொல்லுவாள்?

மறுநாளே நடக்கப் புறப்பட்டாள். நடப்பதென்றால் எங்கள் பக்கத்தில் லேசுப்பட்ட காரியமா? காரணம் வேண்டும். அந்த நாட்களில் வயதான பெண் ஒருத்தி வெறுங்கையோடு வெயிலில் போனால், காணாமற்போன பிள்ளையைத் தேடுகிறாள் என்றுதான் சனம் நினைக்கும். ஒழுங்கை முடிவதற்குள் மூன்று பேர் மறித்துவிட்டார்கள். ஒருத்தி, "ஐயோ எணை, ஆரைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்?" என்று கண்ணீரே விட்டாள். சீ என்று போய்விட்டது. திரும்பி வந்து, கூரை இறப்பில் தொங்கிய பழைய கடகத்தை எடுத்தாள். வெறுங்கடகம் தலையில் நிற்காது. முற்றத்தில் கிடந்த முருகைக்கல் இரண்டைப் போட்டு மேலே ஓலையால் மூடினாள். அதற்குப் பிறகு ஒரு பிசாசும் காரணம் கேட்கவில்லை.

மறித்தவர்கள் பழைய வாடிக்கைக்காரர்தான்; யாரோ களவாகக் கடலுக்குப் போய்ப் பிடித்த மீன் என்று நினைத்தார்கள். "மீன் இருக்கோ?" "முடிஞ்சுதம்மா." ஒவ்வொரு பொய்க்கும் மனதுக்குள் ஓர் அருள்நிறைந்த மரியே சொல்லிக்கொண்டு நடந்தாள். வீட்டில் றொட்டி ஒன்றோடு கையைக் கழுவினாள். பனங்கட்டிப் பேணியின் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. முதல் கிழமை மூச்சிரைத்து வாய்க்கால் மதவடியில் குந்தினாள். நாலாம் கிழமை மதவு கடந்ததே தெரியவில்லை.

அரியாலைப் பராசக்தி ரீச்சருக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு மாதமாக மீன் முடிந்துகொண்டே இருக்கிறது! எதிர்வீட்டுக் குணலட்சுமிதான் முழுவதையும் வாங்கி ஒளிக்கிறாள் என்று முடிவுகட்டி, அவளோடு கதையையும் விட்டாயிற்று. ஒருநாள் படலையைத் திறந்து வந்து கடகத்தைப் பிடித்து இறக்கினாள்.

"உதென்ன, கல்லு?"

"கல்லுத்தான் ரீச்சர்."

"உனக்கென்ன விசரோ?"

செபஸ்தியம்மா பங்கர் கதையைச் சொன்னாள். கதை அந்தக் குட்டிக் கால்களில் வந்து நிற்க, நடுறோட்டிலேயே அழுதாள். ரீச்சர் தானே கடகத்தைத் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டு, "உவள் குணலட்சுமியோடை இனி நான் எந்த முகத்தோடை கதைக்கிறது?" என்றாள்.

இரண்டு மாதம் போனது. பிரித்த தையல்களைத் திரும்பப் பிடித்தாள். ஆனாலும் மனம் அடங்கவில்லை. பொம்மர் வரும் வானத்தைப் பார்த்து, "வாவன் பாப்பம்" என்று முணுமுணுப்பாள். உடனே நாக்கைக் கடித்துச் சிலுவை போடுவாள்.

வந்தது. ஒரு காலை, அவள் கடகத்தைத் தூக்குமுன்னமே. செபஸ்தியம்மா ஓடினாள். கையை மேலே தூக்கி ஒரே வழுக்கு, உள்ளே! "கொண்டா பிள்ளையை!" என்று இரண்டு கையையும் வாய்க்கு நேரே நீட்டினாள். ஒருவரும் வரவில்லை. "ஸ்ரெல்லா! எடியே!" பதில் இல்லை. எங்கோ குண்டு அதிர்ந்து தலையில் மண் கொட்டியது. நீட்டிய கையை அவள் மடக்கவே இல்லை.

சத்தம் அடங்க ஏறி ஓடிப் பார்த்தாள். வாழைகளுக்குப் பின்னால் முழங்காலளவில் ஒரு குழி. மேலே மூட ஒன்றும் இல்லை. அதற்குள் ஸ்ரெல்லா பிள்ளையை நெஞ்சோடு மடக்கிக்கொண்டு குந்தியிருந்தாள். பக்கத்தில் விளிம்பு தேய்ந்த சிரட்டை ஒன்று. மாமி வெளிக்கிட்டுப் போன நேரமெல்லாம் இவள் இதைத் தோண்டியிருக்கிறாள்.

"கோவிக்காதையுங்கோ மாமி" என்றாள் நிமிராமல். "நீங்கள்தான் முதல் இறங்கோணும், அதுதான் முறை. பிள்ளையோடை பின்னாலை நிக்க எனக்குப் பயமாய்க் கிடக்கு."

செபஸ்தியம்மாவுக்கு ஏச வாய் உன்னியது. வரவில்லை. அவள்மேல் என்ன பிழை? தான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். "வாடி இஞ்சை" என்று கையைப் பிடித்துப் பங்கரடிக்கு இழுத்து வந்தாள்.

"பார்!"

இறங்கினாள். ஏறினாள். மறுபடியும் இறங்கினாள், ஏறினாள். பனங்குற்றி உரசி முழங்கை சிராய்ந்தது. "எண்ணடி! வாயைத் திறந்து எண்ணு!"

"இரண்டு" என்றாள் ஸ்ரெல்லா, மெதுவாக.

மூன்று. நாலு. பூரணம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அக்காவுக்குப் பயத்திலை மண்டை தட்டிப்போட்டுது" என்றாள்.

"மாமி, இவ்வளவும் காணும்."

"காணாது!"

ஐந்தாம் முறை உள்ளே நின்று, இரைக்க இரைக்க, இரண்டு கையையும் மேலே நீட்டினாள். ஸ்ரெல்லா வானத்தைப் பார்த்தாள். ஒரு சத்தமும் இல்லை. முழங்காலில் இருந்து, பிள்ளையை வாய்க்குள் மெல்ல இறக்கினாள். அந்தக் குட்டிக் கால்கள் இரண்டும்தான் முதலில் வந்தன. செபஸ்தியம்மா அவற்றை இறுகப் பிடித்துக்கொண்டாள்.